முழங்கை, முன்கை இரண்டும் உடைந்தால்...

போன கோடையில் ஒரு மத்தியானம். மரக்காணம் உப்பளக் கரையோரம் நின்ற வேப்பமரத்தில் ஏறி, கை ஊன்றி விழுந்துவிட்ட ஏழு வயதுப் பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார் ஒரு ஆயா. வரும் வழியில் யாரோ மூங்கில் பத்தை வைத்து, துணியால் இறுக்கிச் சுற்றி அனுப்பியிருந்தார்கள்.

"ஐயா, முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு பத்துப் போட்டு நீங்களே கட்டி வுட்டுருங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா கத்திய வெச்சிடுவாங்க."

நான் முதலில் பார்த்தது பையனின் விரல்களை. வெளுத்துப்போய், ஜில்லென்று இருந்தன. லேசாக நீட்டிவிட்டதுமே அலறினான். கத்தரியை எடுத்துக் கட்டு முழுவதையும் வெட்டினேன். கொஞ்ச நேரத்தில் விரல் நுனியில் சிவப்பு ஏறியது. அப்புறம்தான் கவனித்தேன், வீக்கம் ஒரு இடத்தில் இல்லை. முழங்கைக்குச் சற்று மேலே ஒன்று, மணிக்கட்டுக்கு மேலே இன்னொன்று!

உயரத்திலிருந்து விழும் பிள்ளைகளுக்கு இப்படி நேர்வதுண்டு. மேலேயும் கீழேயும் எலும்பு விட்டுப்போவதால், நடுவில் முழங்கை பிடிப்பில்லாமல் தொங்கும். 'மிதக்கும் முழங்கை' என்று 1980-லிருந்து இதற்குப் பெயர். ஆஸ்பத்திரியில் முழங்கையை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் மணிக்கட்டுப் பக்கத்து முறிவு தப்பிவிடும். "முழுக்கையும் எடுங்க" என்று பெற்றோர் கேட்கத் தயங்கவே கூடாது.

இரண்டு முறிவு என்றால் வீக்கமும் இரண்டு பங்கு. அதன்மேல் இறுக்கிக் கட்டினால் ரத்தம் ஓடாது. சில மணி நேரத்திலேயே தசை செத்து, வடுவாகச் சுருங்கி, விரல்கள் கொக்கிபோல மடங்கிவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மான் 1881-லேயே இதை எழுதி வைத்தார். எங்கள் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். சின்ன வயதில் போட்ட கட்டு. இன்று அவரால் உப்பு வாரும் பலகையைப் பிடிக்க முடியாது.

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். எங்கள் 32 புற மருத்துவங்களில் 'கொம்பு கட்டல்' என்று எலும்பு முறிவுக்கே ஒன்று உண்டு. ஆனாலும் சொல்கிறேன், குழந்தையின் முழங்கை முறிவு எங்கள் கட்டுக்கு உரியதல்ல. சக வைத்தியர்கள் சிலர் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

வீட்டில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். கையை இழுக்காதீர்கள், நிமிர்த்தாதீர்கள். இருக்கிற நிலையிலேயே அட்டையோ மடித்த செய்தித்தாளோ வைத்து, துண்டால் தளர்வாகத் தாங்குங்கள். வளையல், காப்பு, கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். காயம் இருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள், மஞ்சள் வேண்டாம். மயக்க மருந்து தர நேரலாம், அதனால் சாப்பிட எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அந்தப் பையனைப் புதுச்சேரிக்கு அனுப்பினேன். பெரிதாக அறுக்கவில்லை. எலும்பை நேராக்கி, தோல் வழியாக மெல்லிய கம்பிகள் செருகினார்கள். இரண்டு முறிவுக்கும் கம்பி போட்டுவிட்டால் இறுக்கமான முழு மாவுக்கட்டு தேவைப்படாது, வீக்கத்துக்கு இடம் கிடைக்கும். முழங்கைக் கம்பியை மூன்று, நான்கு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகும் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால், நடுராத்திரி ஆனாலும் திரும்பிப் போய்விடுங்கள்.

கம்பி எடுத்தபின் பலர் செய்யும் தவறு, எண்ணெய் போட்டு முழங்கையை நீவுவது. நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளக்கூடும். பிள்ளை தானாக விளையாடினாலே கை மெல்ல மடங்கி நீளும். கேழ்வரகு, முட்டை, முருங்கைக்கீரை கொடுங்கள். பிரண்டைத் துவையலும் நல்லதுதான், ஆனால் விலகிய எலும்பை அது நேராக்காது.

ஆறு வாரம் கழித்து ஆயா மறுபடி வந்தார், கையில் எண்ணெய்க்குக் காலி பாட்டிலோடு. பையன் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து எனக்கு வளையம் போட்டுக் காட்டினான்.

"அப்ப முறிவெண்ணெய் வேணாமாய்யா?"

"அவன் முழங்கைக்கு வேணாம்மா. உங்க முட்டிவலிக்கு வேணும்னா ஊத்தித் தர்றேன்."