கூடத்துச் சுவரில் ஒரு கொட்டகை

உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரை ஒரு தரம் நிமிர்ந்து பாருங்கள். காலண்டர் ஒன்று தொங்கும். கடிகாரம் ஒன்று ஓடும். எப்போதோ அடித்துப் பிடுங்கிய ஆணியின் ஓட்டை ஒன்றும் இருக்கும். இவற்றையெல்லாம் கழற்றி ஓரமாக வைத்தால், அதே சுவரில் ஏழடி அகலத்துக்குச் சினிமா காட்டுகிறேன் என்கிறது ஒரு சின்னப் பெட்டி. பட்சணம் வைக்கும் சம்புடம் அளவுதான் இருக்கும். எடை ஒரு கிலோ, மிஞ்சினால் இரண்டு கிலோ. கடைக்காரர் அதை 'ஹோம் தியேட்டர் புரொஜெக்டர்' என்பார்.

ஆசை யாரை விட்டது? நாலு பேர் கொட்டகைக்குப் போய் வந்தால், டிக்கெட்டும் சோளப்பொரியும் ஆட்டோ சத்தமுமாகச் சேர்ந்து ஆகிற செலவு உங்களுக்குத் தெரியாததல்ல. மாமியாருக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறிக் கொட்டகையில் உட்கார முடியாது. வீட்டிலேயே பெரிய படமாகப் பார்த்தால் அவரும் பார்ப்பாரே என்று தோன்றும். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கும் சமயம் பார்த்துத்தான் விளம்பரமும் கண்ணில் படும். ஆனால் இந்தப் பெட்டிகள் ஐயாயிரம், பத்தாயிரத்தில் தொடங்கி லட்சத்துக்கு மேலும் விற்கின்றன. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான். உள்ளே இருப்பதில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆகவே, பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் ஒரு புடவையை எப்படிப் பார்த்து வாங்குவீர்களோ, அப்படிப் பார்க்க வேண்டும். விரித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தலைப்பு ஓரத்தைத் தடவிப் பார்க்க வேண்டும்.

முதலில் வெளிச்சத்துக்கு வருவோம். ஏமாற்றம் அதிகம் நடக்கிற இடம் இதுதான்.

அட்டைப் பெட்டியின் மேல் '9000 லூமன்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். லூமன் என்பது ஒளியின் அளவு. ஆனால் எந்த இடத்தில் அளந்த ஒளி? விளக்கின் வாயிலா, சுவரில் வந்து விழுந்த பிறகா? பாலைக் கறக்கும் இடத்தில் அளப்பதற்கும், நம் வீட்டுப் பாத்திரத்தில் ஊற்றிய பிறகு அளப்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? இதற்கென்று அமெரிக்காவில் 1992-ம் வருஷம் 'ஆன்ஸி' என்ற தர நிர்ணய முறை வந்தது. வெள்ளைப் படத்தைத் திரையில் விழச் செய்து, அதை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒளியை அளந்து, சராசரி எடுத்து, திரையின் பரப்பால் பெருக்க வேண்டும். அது நியாயமான கணக்கு. பெட்டியில் 'ஆன்ஸி லூமன்' என்றோ 'ஐ.எஸ்.ஓ. லூமன்' என்றோ போட்டிருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. வெறும் 'லூமன்ஸ்' என்றிருந்தால் அதை விலாசம் இல்லாத கடுதாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக் கணக்கில் போட்டிருக்கும் மலிவுப் பெட்டிகள் பல, இந்த முறையில் அளந்தால் நூறு, இருநூறில் வந்து நிற்கும்.

இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். லக்ஸ் மீட்டர் என்ற சிறு கருவி ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கிறது. கைப்பேசியிலும் அளக்கலாம், அது துல்லியமாக இராது, ஆனாலும் இருநூறுக்கும் ஒன்பதாயிரத்துக்கும் உள்ள தூரத்தை அதுவே காட்டிக் கொடுத்துவிடும். 80 அங்குலப் படம் என்றால் அதன் அகலம் 1.77 மீட்டர், உயரம் ஒரு மீட்டர். பரப்பு சுமார் 1.76 சதுர மீட்டர். ஒன்பது இடங்களிலும் அளந்த சராசரி 120 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 1.76-ஆல் பெருக்கினால் 211 லூமன். தீர்ந்தது விஷயம்!

சரி, எவ்வளவு இருந்தால் போதும்? கும்மிருட்டான அறையில் 100 அங்குலப் படத்துக்கு 400 ஆன்ஸி லூமன் இருந்தால், நல்ல வெள்ளைத் திரையில் சதுர மீட்டருக்கு 46 காண்டெலா பிரகாசம் வரும். சினிமாக் கொட்டகைத் திரைக்கு வகுத்திருக்கும் அளவே 48 தான். அடேயப்பா, கொட்டகைக்குச் சமமாயிற்றே என்று சந்தோஷப்படலாம். ஆனால் நான் சொன்ன முதல் வார்த்தையை மறந்துவிடாதீர்கள்: கும்மிருட்டு. உங்கள் வீட்டு டெலிவிஷன் இதைவிடப் பல மடங்கு பிரகாசிக்கிறது; பட்டப் பகலிலும் தெரிகிறது. புரொஜெக்டருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கறுப்பு என்ற நிறத்தை அதனால் உண்டாக்க முடியாது. ஒளி விழாத இடம்தான் அதற்குக் கறுப்பு. ட்யூப் லைட்டைப் போட்டீர்களோ, அந்தக் கறுப்பு சுவரின் நிறமாகிவிடும். கதாநாயகியின் கூந்தல் முழுவதும் ஒரே நிமிஷத்தில் நரைத்துப் போகும்!

இங்கேதான் பெண்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. படம் ஓடும்போது அடுக்களை விளக்கு எரியலாமா? இக்காலத்து அடுக்கு மாடி வீடுகளில் அடுக்களைக்குக் கதவே கிடையாது. நீங்கள் சப்பாத்திக்கு மாவு பிசைந்தால் அந்த வெளிச்சம் நேரே சுவருக்கு வரும். "என்னங்க, குழம்பு பொங்குது, விளக்கைப் போடட்டுமா?" என்று நீங்கள் கேட்க, "கொஞ்சம் பொறு, முக்கியமான கட்டம்!" என்று அங்கிருந்து பதில் வரும். வீடு முழுவதும் சினிமா பார்க்க, ஒருத்தி மட்டும் இருட்டில் கரண்டியைத் தேடிக் கொண்டிருக்கும் ஏற்பாடு எனக்குச் சம்மதமில்லை. சமையலை முடித்த பிறகே படம் என்று வீட்டில் ஒப்புக்கொண்டால் வாங்கலாம். நாள் முழுவதும் சீரியல் ஓடும் வீடானால் அந்தப் பணத்துக்கு ஒரு பெரிய டெலிவிஷன் வாங்குவதே மேல்.

இருட்டைப் பற்றி இன்னும் ஒன்று. சோதித்துப் பார்க்க எந்தப் படத்தைப் போடுவது? கடைக்காரர் பளபளவென்று மீனும் பூவும் நீந்தும் படத்தைப் போடுவார். அதில் எல்லாப் பெட்டியும் அழகாகத்தான் தெரியும். வீணை எஸ். பாலசந்தர் 1954-ல் இயக்கிய 'அந்த நாள்' படத்தைப் போடச் சொல்லுங்கள். பாட்டே இல்லாத படம். இருட்டும் நிழலும் நிறைந்தது. பழைய படம் என்பதால் அகலம் குறைவு. ஆகையால் படத்துக்கு இரு புறமும் வெற்றுப் பட்டைகள் விழும். அந்தப் பட்டைகளைப் பாருங்கள். அவை கறுப்பாக இருக்கின்றனவா, சாம்பலாக இருக்கின்றனவா? சாம்பல் என்றால் படத்திலுள்ள நிழலும் சாம்பல்தான். அப்புறம் 1965-ல் வந்த 'திருவிளையாடல்' போட்டு, முகத்தின் நிறத்தையும் கிரீடத்தின் தங்கத்தையும் பார்த்தால் வர்ண விஷயமும் தெரிந்துபோகும். மனிதர் முகம் பச்சையடித்தால் மறு பேச்சில்லாமல் வெளியே வந்துவிடுங்கள்.

'4கே சப்போர்ட்' என்ற சொல்லிலும் ஒரு சூது உண்டு. அந்த நுணுக்கமான படத்தை வாங்கிக் கொள்வேன் என்றுதான் அதற்கு அர்த்தம். அப்படியே காட்டுவேன் என்று அர்த்தமல்ல. 'நேட்டிவ் ரெசல்யூஷன்' எவ்வளவு என்று கேளுங்கள். 1920-க்கு 1080 இருந்தால் குடும்பத்துக்குப் போதும். பெயர்ப் பட்டியல் ஓடும்போது நடுவிலும் நான்கு மூலைகளிலும் எழுத்து ஒரே மாதிரி தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தால் லென்ஸின் யோக்கியதை தெரியும்.

உள்ளே இருக்கும் யந்திரம் பெரும்பாலும் இரண்டு தினுசு. மலிவான பெட்டியில் ஒரே ஒரு எல்.சி.டி. தகடும் அதன் பின்னால் ஒரு விளக்கும் இருக்கும். விசிறி வெளிக் காற்றை இழுத்து அதன் மேலேயே அடிக்கும். நம் ஊர்த் தூசிக்குக் கேட்க வேண்டுமா? சில மாதத்தில் படத்தின் நடுவே அழியாத புள்ளி ஒன்று உட்கார்ந்துவிடும். ஒளி வரும் பாகம் முழுவதும் மூடி முத்திரையிட்டதா என்று அவசியம் கேளுங்கள்.

மற்றது டி.எல்.பி. இது ஓர் அதிசயம். விரல் நகத்தளவு சில்லில் லட்சக் கணக்கான குட்டிக் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் தலைமயிரின் பருமனைவிடச் சிறிது. விநாடிக்கு ஆயிரக் கணக்கான தடவை அவை இப்படியும் அப்படியும் சாய்ந்து ஒளியைத் திரைக்கு அனுப்புகின்றன. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில் லாரி ஹார்ன்பெக் என்ற விஞ்ஞானி 1987-ல் இதைக் கண்டுபிடித்தார். 2015-ல் அதற்காக அவருக்கு ஆஸ்கார் சிலையே கிடைத்தது. 1905-ல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அவர் இந்தச் சம்புடத்தைப் பார்த்தால் என்ன சொல்வாரோ!

டி.எல்.பி.யில் ஒரு சங்கடம் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒன்றன் பின் ஒன்றாக மின்னல் வேகத்தில் காட்டி நம் கண்ணில் சேர்க்கிறது. சிலருடைய கண் மட்டும் இந்தத் தந்திரத்துக்கு மசியாது. வெள்ளை எழுத்திலிருந்து பார்வையைத் திருப்பினால் வானவில் கீற்று தெரியும், தலை வலிக்கும். கணவரின் கண்ணுக்குத் தெரியாதது உங்கள் கண்ணுக்குத் தெரியலாம். ஆகவே பார்க்கப் போகிற அத்தனை பேரும் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும்.

இடத்தை அளக்க வீட்டிலுள்ள தையல் டேப்பே போதும். 'த்ரோ ரேஷியோ' 1.2 என்றால், படத்தின் அகலத்தைப் போல 1.2 மடங்கு தூரத்தில் பெட்டி இருக்க வேண்டும். ஏழே கால் அடி அகலப் படத்துக்கு எட்டே முக்கால் அடி தூரம். பத்தடிக் கூடத்தில் பெட்டி உங்கள் மடிக்கு அருகிலேயே உட்காரும். அதன் விசிறி இரைச்சல் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். வசனம் இல்லாத கட்டத்தில் கவனித்துக் கேளுங்கள். அலமாரி மேல் உயரத்தில் வைக்கலாமே என்பீர்கள். நடுவில் சீலிங் ஃபேன் சுற்றும். ஒளி இறக்கையில் பட்டால் படம் முழுக்கப் படபடக்கும். ஓரத்தில் வைத்து 'கீஸ்டோன்' என்ற வசதியால் கோணலை நிமிர்த்தலாம். ஆனால் அதற்கு விலையாகத் தெளிவும் வெளிச்சமும் கொஞ்சம் போகும். சுவருக்கு நேர் எதிரே ஒரு ஸ்டூல்தான் சிலாக்கியம்.

சுவர் சந்தன வர்ணமா? வெள்ளை எல்லாம் மஞ்சளாகத் தெரியும். பளபளப்பில்லாத வெள்ளைப் பூச்சு நல்லது. திரை வாங்கும் வரை எட்டு முழ வேட்டியைக் குறுக்கே கட்டிப் பாருங்கள். அதன் அகலம் 50 அங்குலம். 100 அங்குலப் படத்தின் உயரம் 49. அளவெடுத்து நெய்த மாதிரி இல்லை? ஆனால் மெல்லிய துணியில் ஒளி ஊடுருவிப் போய்விடும், சுருக்கமும் தெரியும். நாலைந்து நாளைக்குத்தான் சரி.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை சிறிய வயிற்றிலிருந்து பெரிய குரல் வராது. வீட்டிலுள்ள ஸ்பீக்கரைக் கம்பி போட்டு இணைத்துவிடுங்கள். கம்பியில்லாமல் இணைத்தால் சில சமயம் உதடு முன்னால் அசையும், வசனம் பின்னால் வரும். நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை எல்லாப் பெட்டியிலும் ஒழுங்காக ஓடுவதில்லை. நீங்கள் பணம் கட்டிப் பார்ப்பது எதுவோ, அதைக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மின்சாரச் செலவு பயப்படும்படி இல்லை. 50 முதல் 100 வாட், ஏறக்குறைய ஒரு பழைய சீலிங் ஃபேன் அளவு. எல்.இ.டி. விளக்கு 20,000 மணி நேரம் உழைக்கும் என்கிறார்கள். தினம் மூன்று மணி பார்த்தாலும் பதினெட்டு வருஷம் ஆகும். அதற்குள் ரிமோட் பத்துத் தரம் தொலைந்திருக்கும்!

குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு கண்டிப்பு வேண்டும். எரிகிற லென்ஸுக்குள் குனிந்து பார்க்கும் பழக்கம் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. லேசர் பெட்டியானால் அது கண்ணுக்கு நிச்சயம் கெடுதல், எல்.இ.டி.யும் நல்லதல்ல. எதிரே ஆள் வந்தால் ஒளியைத் தானே மங்க வைக்கும் ஏற்பாடு சில பெட்டிகளில் உண்டு. கடையில் உங்கள் கையை நீட்டி அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வாங்கி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, ஜன்னலுக்கு ஜமக்காளம் தொங்கவிட்டு, முழு நீளப் படம் ஒன்றை இடைவேளை இல்லாமல் ஓட்டுங்கள். இரண்டரை மணி நேரத்தில் பெட்டி சூடேறி எழுத்து மங்குகிறதா, விசிறி சத்தம் கூடுகிறதா, பாட்டிக்குத் தலை வலிக்கிறதா என்று தெரிந்துவிடும். திருப்பித் தருவதற்கு எத்தனை நாள் தவணை என்று ரசீதிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தவணை முடியும் வரை அட்டைப் பெட்டியையும் உள்ளே இருந்த தக்கைகளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.