திருச்சிராப்பள்ளி சிறப்பு முகாம்

திருச்சிராப்பள்ளி சிறப்பு முகாம் என்பது தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி நகரில், மத்திய சிறை வளாகத்தினுள் அமைந்துள்ள, வெளிநாட்டவரை வெளியே செல்லவிடாது தங்க வைக்கும் இடமாகும். இங்கு உள்ளோரில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர்கள். வங்காளதேசம், நைசீரியா, பல்கேரியா முதலிய நாடுகளைச் சேர்ந்தோரும் இருந்துள்ளனர். சட்டத்தின் பார்வையில் இவர்கள் கைதிகள் அல்லர். பிணை கிடைத்தவர்கள், தண்டனைக் காலம் முடிந்தவர்கள், வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் ஆகியோரும் மாநில அரசின் ஆணையொன்றின் பேரில் இங்கு வைக்கப்படுகின்றனர். அவ்வாணையில் முடிவு நாள் குறிக்கப்படுவதில்லை. இம்முகாம் பற்றிய சர்ச்சைகள் அனைத்துக்கும் அடிப்படை இதுவே.

இடமும் பெயரும்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர்களுக்கான முகாம்கள் இரு வகைப்படும். கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை ஆகிய இடங்களில் உள்ளவை குடும்பங்கள் வாழும் திறந்த முகாம்கள். 2021 ஆகஸ்ட் மாதத்தில் இத்தகைய முகாம்களின் பெயரைத் தமிழ்நாடு அரசு "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என மாற்றியது. அங்குள்ளவர்கள் வேலைக்குச் செல்லலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பலாம். ஆயினும் குறித்த நாட்களில் நடக்கும் ஆள் கணக்கெடுப்பின்போது முகாமில் இருத்தல் வேண்டும். சிறப்பு முகாம் அத்தகையதன்று. அங்கிருந்து வாயிலைத் தாண்டி வெளியே செல்லக் காவலர் துணையும் அனுமதியும் தேவை. பெயரில் உள்ள "சிறப்பு" என்னும் சொல்லைக் கண்டு, இது வசதி மிகுந்த முகாம் என எண்ணிவிடலாகாது.

மத்திய சிறை, கொட்டப்பட்டு முகாம், விமான நிலையம் மூன்றும் புதுக்கோட்டைச் சாலையை ஒட்டிய பகுதியிலேயே உள்ளன. கொழும்புக்கு விமானத்தில் செல்ல ஒரு மணி நேரமளவே ஆகும். நகரின் மறுபுறம், காவிரிக்கு அப்பால் உள்ள திருவரங்கத்தில், அரங்கநாதர் வீடணனின் பொருட்டுத் தென்திசை இலங்கையை நோக்கிப் பள்ளி கொண்டிருப்பதாகத் தலபுராணம் கூறுகின்றது. இலங்கையுடனான இந்நகரின் தொடர்பு அவ்வளவு பழைமையானது.

சட்ட அடிப்படை

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் குடியுரிமை, அயல்நாட்டவர், நாட்டினுள் வருகை, நாட்டை விட்டு வெளியேற்றல் ஆகியவை ஒன்றியப் பட்டியலில் (17, 19 ஆம் இனங்கள்) வைக்கப்பட்டுள்ளன. ஆகவே இவை குறித்து மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்ற இயலாது. அவ்வாறெனில் சிறப்பு முகாமை நடத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு எங்கிருந்து வந்தது?

அரசியலமைப்பின் 258(1) ஆம் உறுப்பின்படி ஒன்றியத்தின் நிறைவேற்று அதிகாரத்தை மாநில அரசின் இசைவோடு அதனிடம் ஒப்படைக்கலாம். 1946 ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டத்தின் கீழான அதிகாரங்கள் 1958 இல் இவ்வாறு மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அச்சட்டத்தின் 3(2)(உ) உட்பிரிவு, அதாவது ஆங்கில எழுத்து வரிசைப்படி "இ" எனக் குறிக்கப்படுவது, ஓர் அயல்நாட்டவரைக் குறித்த இடத்தில் வசிக்குமாறும் அவரது நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியும் ஆணையிட இடமளித்தது. சிறப்பு முகாமுக்கு அனுப்பும் ஆணைகள் இவ்வுட்பிரிவின் கீழேயே பிறப்பிக்கப்பட்டு வந்தன. கியூ பிரிவுக் காவல்துறை பரிந்துரைக்கும், மாநில அரசு ஆணையிடும், மாவட்ட ஆட்சியரின் கீழ் வருவாய்த்துறை அலுவலர் முகாமை நிருவகிப்பார். எனவே சட்டம் தில்லியுடையது, அதைக் கையாளுவது சென்னையும் திருச்சியுமாகும்.

தடுப்புக் காவலோடு ஒப்பிட்டால் இதன் தன்மை தெளிவாகும். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒருவரை அடைத்தால் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும், ஆலோசனைக் குழுமம் ஆராய வேண்டும், உச்ச அளவு 12 மாதங்கள். "குறித்த இடத்தில் வசிக்கும்" ஆணைக்கு ஆலோசனைக் குழுமமும் இல்லை, உச்ச அளவும் இல்லை. இது அடைப்பு அன்று, நடமாட்டக் கட்டுப்பாடு மட்டுமே என்பது அரசின் நிலைப்பாடு. சென்னை உயர்நீதிமன்றமும் இம்முகாம்களைச் சட்டவிரோதமானவை என அறிவிக்கவில்லை. உயர்ந்த மதிலுக்குள் வசிக்குமாறு கூறுவதை வசித்தல் என்று அழைக்கலாமா என்பது தொடர்ந்து எழுப்பப்படும் வினாவாகும்.

1946 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, குடிவரவு மற்றும் அயல்நாட்டவர் சட்டம், 2025 அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. குறித்த இடத்தில் வசிக்கச் செய்யும் அதிகாரம் ஏறக்குறைய பழைய வடிவிலேயே புதிய சட்டத்தின் 7 ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது.

ஐக்கிய அமெரிக்காவில் இதே வினா

மையச் சட்டத்தை உள்ளூர் அதிகாரம் எவ்வளவு தூரம் கையிலெடுக்கலாம் என்னும் வினா ஐக்கிய அமெரிக்காவில் வெளிப்படையான சட்டப் போராகவே நடந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் ஏசல்டன் என்னும் சிறு நகரம், ஆவணமற்ற குடியேறிகளுக்கு வீடு வாடகைக்கு விடுவோரையும் வேலை கொடுப்போரையும் தண்டிக்கும் நகரச் சட்டத்தை 2006 இல் இயற்றியது. 2007 இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. மேல்முறையீடுகளிலும் நகரம் வெல்லவில்லை. அரிசோனா மாநிலம் 2010 இல் இயற்றிய சட்டத்தின் நான்கு பிரிவுகள் உச்சநீதிமன்றத்துக்குச் சென்றன. 2012 சூன் 25 அன்று மூன்று பிரிவுகள் நீக்கப்பட்டன. பிற காரணத்துக்காக நிறுத்தப்பட்டவர் சட்டவிரோதமாக நாட்டில் உள்ளார் என ஐயம் எழுந்தால் அவரது குடிவரவு நிலையைக் காவலர் சரிபார்க்கும் பிரிவு மட்டும் அப்போதைக்கு விடப்பட்டது.

ஆயினும் அந்நாட்டிலும் ஒப்படைப்பு முறை உண்டு. 1996 இல் சேர்க்கப்பட்ட 287(g) எனும் சட்டப்பிரிவு, கூட்டாட்சி அரசுடன் உடன்படிக்கை செய்துகொள்ளும் உள்ளூர்க் காவல்துறைக்குக் குடிவரவு அதிகாரங்களை அளிக்கின்றது. இந்தியாவின் 258(1) ஆம் உறுப்புக்கு இது நெருங்கிய உறவு. வேறுபாடு யாதெனில், அங்கு நகரமன்றம் சட்டம் இயற்றியதால் ஊரே கூடி வாதாடியது. இங்கு ஒரு பக்க ஆணையாக வருவதால் பொதுவெளியில் வாதம் எழுவது அரிது.

வரலாறு

இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பின் ஏதிலிகள் தமிழ்நாட்டுக்கு வரத் தொடங்கினர். போராளி இயக்கங்களுடன் தொடர்புடையோர் எனக் கருதப்பட்டவர்களைப் பிற ஏதிலிகளிடமிருந்து பிரித்து வைக்க 1990 இல் வேலூர்க் கோட்டையில் சிறப்பு முகாம் ஏற்படுத்தப்பட்டது. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொல்லப்பட்ட பின் இம்முறை விரிவடைந்தது. 1995 ஆகஸ்ட் மாதம் வேலூர்க் கோட்டை முகாமிலிருந்து விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினர். காவலைத் தளர்த்துவதற்கு எதிராக அதிகாரிகள் நெடுங்காலம் காட்டிய சான்று இந்நிகழ்வேயாகும். செங்கல்பட்டு, பூந்தமல்லி ஆகிய இடங்களிலும் சிறப்பு முகாம்கள் இயங்கின. பின்னர் திருச்சிராப்பள்ளி முகாமே முதன்மையானதாயிற்று.

அரசுத் தரப்பில் கூறப்படும் காரணங்களைப் புறக்கணிக்க இயலாது. கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இல்லாத ஒருவர் பிணையில் வெளியே வந்தால் படகேறிச் சென்றுவிடுவார், வழக்கு நின்றுபோகும் என்பது முதற் காரணம். முகாமுக்குள்ளிருந்தே போதைப்பொருள் கடத்தல் நடத்தப்பட்டதாகத் தேசியப் புலனாய்வு முகமை 2022 இல் இங்கு சோதனையிட்டு, அவ்வாண்டு இறுதியில் ஒன்பது பேரைக் கைது செய்தமையும் உண்டு. ஆனால் போலிக் கடவுச்சீட்டு வைத்திருந்தமை, ஆத்திரேலியாவுக்குப் படகில் செல்ல முயன்றமை போன்ற வழக்குகளில் சிக்கியவர்களும் இதே மதிலுக்குள் வைக்கப்பட்டுள்ளனர். விடுதலை கோரி உள்ளிருப்போர் பலமுறை உண்ணாநோன்பு இருந்துள்ளனர். 2021 ஆகஸ்டில் பலர் தற்கொலைக்கு முயன்றனர்.

2022 நவம்பர்: ஒரே தீர்ப்பு, இரு வாயில்கள்

இராசீவ் காந்தி கொலை வழக்கில் எஞ்சியிருந்த ஆறு பேரை உச்சநீதிமன்றம் 2022 நவம்பர் 11 அன்று விடுதலை செய்தது. இந்தியக் குடிமக்களான நளினியும் இரவிச்சந்திரனும் வீடு சென்றனர். இலங்கைக் குடிமக்களான முருகன், சாந்தன், இராபர்ட் பயசு, செயக்குமார் ஆகியோர் மறுநாள் திருச்சிராப்பள்ளி சிறப்பு முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். குற்றமும் தீர்ப்பும் ஒன்று, குடியுரிமை மட்டுமே வேறு. நளினியின் கணவரான முருகன் மனைவியுடன் வாழ இயலவில்லை.

இவர்கள் ஏறத்தாழ பதினாறு மாதங்கள் இங்கிருந்தனர். இலங்கைக்குச் செல்ல இசைவு கிடைத்திருந்த நிலையில் சாந்தன் 2024 பெப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் காலமானார். அவரது உடலே யாழ்ப்பாணம் சென்றது. ஏனைய மூவரும் 2024 ஏப்ரல் 3 அன்று கொழும்புக்கு அனுப்பப்பட்டனர்.

திறந்த முகாமும் "சட்டவிரோதக் குடியேறி" எனும் சொல்லும்

சிறப்பு முகாமுக்கு வெளியே வாழ்வோரும் இச்சொல்லிலிருந்து விடுபட்டவர் அல்லர். குடியுரிமைச் சட்டத்தில் 2003 ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த வரையறைப்படி, உரிய ஆவணமின்றி நுழைந்தவர் சட்டவிரோதக் குடியேறி ஆவார். அவர் பதிவு வழியாகவோ இயல்புரிமை வழியாகவோ குடிமகனாக இயலாது. 1951 ஆம் ஆண்டின் ஏதிலிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடாமையால் "ஏதிலி" என்னும் சட்டநிலையும் இந்நாட்டில் இல்லை. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோருக்கே விலக்களித்தது. இலங்கை அதில் இல்லை.

இதில் மலையகத் தமிழர்களின் நிலை தனியே நோக்கத்தக்கது. 1964 அக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா - சாத்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். 1974 இல் மேலும் 75,000 பேர் சேர்க்கப்பட்டனர். இவர்களின் மரபினர் பலர் ஒப்பந்த வழியில் கப்பலில் வராமல், கலவரத்துக்கு அஞ்சிப் படகில் வந்தனர். கப்பலில் வந்தவர் குடிமகன், படகில் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இத்தகைய 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களது குடியுரிமை விண்ணப்பங்களை ஆய்ந்து 16 கிழமைகளுக்குள் முடிவெடுக்குமாறு மதுரைக் கிளை 2019 சூன் 17 அன்று ஆணையிட்டது.

பிறந்த நாளும் ஒருவரது நிலையை மாற்றக்கூடும். 1987 சூலை 1 க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் குடிமகன். 1986 இல் மண்டபம் முகாமில் பிறந்து கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு இவ்விதியின்படி கடவுச்சீட்டு வழங்குமாறு 2022 இல் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவருக்கு ஈராண்டு பின்னர் அதே முகாமில் பிறந்த ஒருவருக்கு இவ்வுரிமை கிட்டாது.

2025 இன் மாற்றங்கள்

2025 மே 19 அன்று, தண்டனைக் காலம் முடிந்த பின் சிறப்பு முகாமில் வைக்கப்பட்டிருந்த ஓர் இலங்கைத் தமிழர், நாடு திரும்பினால் உயிருக்கு ஆபத்து எனக் கூறித் தம்மை வெளியேற்றுவதற்குத் தடை கோரிய மனுவை உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தியா எல்லா நாட்டவரையும் ஏற்கும் தரும சத்திரம் அன்று என்னும் கருத்தை நீதிபதிகள் அப்போது தெரிவித்தனர். அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்பு அளிக்கும் உயிர்ப் பாதுகாப்பு எல்லா மனிதருக்கும் உரியது, ஆனால் நாட்டில் தங்கும் உரிமை 19 ஆம் உறுப்பின் கீழ்க் குடிமக்களுக்கே உரியது என்பதே இதன் அடிப்படை.

அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று ஒன்றிய அரசு பிறப்பித்த விலக்கு ஆணை, 2015 சனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, நுழைவிசைவு இன்மைக்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. அது குடியுரிமை அளிக்கவில்லை. 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது தனுசுக்கோடிக் கரைக்குப் படகில் வந்து மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டோர் இந்த எல்லை நாளுக்கு வெளியே உள்ளனர்.