திட்டமிட்ட சிசேரியன்: மூத்த குழந்தைகளைக் கவனிக்கும் தாய் உடல் தேறுவது எப்படி?

புதுதில்லி: இந்தியாவில் 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் நிகழ்ந்த பிறப்புகளில் 21.5 சதவீதம் அறுவைசிகிச்சை மூலம் நிகழ்ந்தவை. நான்காவது ஆய்வில் இது 17.2 சதவீதமாக இருந்தது. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 47.4 சதவீதம். முதல் பிரசவம் சிசேரியனாக இருந்தால் அடுத்ததும் பெரும்பாலும் அவ்வாறே திட்டமிடப்படுவதால், தையல் ஆறாத வயிற்றுடன் வீடு திரும்பும் தாயை வாசலில் எதிர்கொள்வது இரண்டு அல்லது மூன்று வயதுக் குழந்தையாகவே இருக்கிறது.

தேதி முன்கூட்டியே தெரிந்திருப்பது திட்டமிட்ட சிசேரியனின் பெரிய அனுகூலம். மருத்துவக் காரணம் இல்லாத நிலையில் 39 வாரங்கள் நிறைவடைவதற்கு முன் இந்த அறுவைசிகிச்சையைச் செய்வதில்லை என்பது பொது விதி. அதற்கு முன் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் ஏற்படும் வாய்ப்பு கூடுதல். நல்ல நேரம் பார்த்து நாள் குறிக்கும் குடும்பங்களும், மூத்த குழந்தையின் பள்ளித் தேர்வை உத்தேசித்து நாளை முன்தள்ளக் கேட்கும் குடும்பங்களும் இந்த வரம்பை மறக்கலாகாது.

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது நாட்டின் பல பகுதிகளில் வழக்கம். மூத்த குழந்தை பள்ளியில் சேர்ந்துவிட்ட பிறகு அது எளிதில் கைகூடுவதில்லை. வட இந்தியாவில் பிரசவத்துக்குப் பிந்தைய 40 நாள் ஓய்வும் கூட்டுக் குடும்பத்தின் கைகள் இருக்கின்றன என்ற நம்பிக்கையில் அமைந்த ஏற்பாடுதான். அந்தக் கைகள் இல்லாத நகர வீடுகளில் ஓய்வு என்பது பெயரளவில் நின்றுவிடுகிறது.

அறுவைசிகிச்சையின்போது வயிற்றுத் தசைகள் பெரும்பாலும் வெட்டப்படுவதில்லை. இரு பக்கமும் விலக்கப்படுகின்றன. ஆனால் அவற்றைப் போர்த்தியுள்ள உறுதியான சவ்வும் கருப்பையும் வெட்டித் தைக்கப்படுகின்றன. மேல்தோல் ஓரிரு வாரங்களில் ஒட்டிக்கொண்டாலும் உள்ளடுக்குகள் வலுப்பெற அதைவிட நெடுநாள் ஆகும். புதிதாகப் பிறந்த குழந்தையைவிடக் கனமான எதையும் சுமார் ஆறு வாரங்களுக்குத் தூக்க வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுவது இதனால்தான். சிசுவின் எடை ஏறத்தாழ 3 கிலோ. இரண்டு வயதுக் குழந்தையோ 10 முதல் 12 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ. அறிவுரைச் சீட்டில் ஒற்றை வரியாக இருக்கும் இந்த விதி, வீட்டில் காலை முதல் இரவு வரை சோதிக்கப்படுகிறது.

மூத்த குழந்தையைத் தூக்க முடியாது என்றால் அணைக்கவும் முடியாது என்று பொருளல்ல. தாய் கட்டிலில் அமர்ந்து, வயிற்றின் குறுக்கே ஒரு தலையணையை வைத்துக்கொண்டால், குழந்தை தானாக ஏறிப் பக்கத்தில் அமரலாம். துள்ளிக் குதித்து மடியில் விழும் வயதுக்கு அந்தத் தலையணை அவசியம். குளிப்பாட்டுவது, பள்ளிக்கு அழைத்துச் செல்வது போன்றவற்றைத் தந்தையோ பாட்டியோ பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஏற்றுக்கொண்டால், அந்த மாற்றத்துக்குச் சிசுவைக் குழந்தை குறைகூறாது. படுக்கையிலிருந்து நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பி, கால்களைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமும்போதும் சிரிக்கும்போதும் தையலின் மேல் கையை அழுத்திப் பிடித்தால் வலி குறையும்.

படுத்தே கிடப்பதும் ஆபத்து. கால் சிரைகளில் இரத்தம் உறைவதைத் தடுக்க, முதல் நாளிலேயே மெல்ல நடக்க வைக்கின்றனர். பாலூட்டும் தாய்மார் பாராசிட்டமால் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவர் கூறும் அளவில் நேரம் தவறாமல் எடுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்வதால் நன்மை ஏதுமில்லை. பிரசவத்துக்குப் பின் 180 நாட்களுக்கு வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கலை உண்டாக்கக்கூடும். முக்கினால் தையல் வலிக்கும். தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் சில வீடுகளின் பழக்கம் இதை மேலும் மோசமாக்கும்.

காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது சீழ், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனையும் இரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரண்டு வாரங்களைக் கடந்தும் நீடிக்கும் அழுகையும் சோர்வும் மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம். டெலி மானஸ் எண் 14416-இல் இலவச ஆலோசனை கிடைக்கும்.

அரசு மருத்துவமனைகளில் 2011 முதல் நடைமுறையில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா காரியக்கிரமத்தின் கீழ், சிசேரியன் செய்துகொண்ட தாய்க்கு 7 நாட்கள் வரை இலவச உணவு உண்டு. வீடு திரும்பியபின் ஆஷா பணியாளர் 7ஆம் நாள் முதல் 42ஆம் நாள் வரை ஐந்து முறை வந்து பார்க்க வேண்டும். தையலைக் காட்டவும் ஐயங்களைக் கேட்கவும் அவ்வருகைகள் வாய்ப்பளிக்கின்றன. 3 முதல் 6 வயது வரையிலான மூத்த குழந்தையை அங்கன்வாடிக்கு அனுப்பினால், அதன் உணவும் பகலில் சில மணி நேரமும் தாயின் பொறுப்பிலிருந்து குறையும்.

விடுப்பில்தான் சிக்கல். 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. ஆனால், ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ள பெண்ணுக்கு 12 வாரங்கள் மட்டுமே. மூன்றாம் முறை வயிற்றைத் திறந்த, வீட்டில் இரு குழந்தைகளைக் கவனிக்கும் பெண்ணுக்கே குறைந்த விடுப்பு. மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. அதுவும் இரண்டுக்கும் குறைவான குழந்தைகள் உள்ளவர்களுக்கே. தனியார் துறையில் தந்தையருக்கு விடுப்பு வழங்குவதைக் கட்டாயமாக்கும் தேசியச் சட்டம் எதுவும் இல்லை.