வரைபடமின்றிப் பிறந்த மைதானம்

கல்கத்தாவில் வாழும் நம்மவர், டாலிகஞ்சுப் பகுதியிலுள்ள இராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பை அறிந்திருப்பர். 1829இல் தோன்றிய அச்சங்கம், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியேயுள்ள கோல்ஃப் சங்கங்களுள் மிகப் பழையது. பரந்த புல்வெளியில் சிறு பந்தை அடித்துச் சென்று குழியில் வீழ்த்தும் இவ்விளையாட்டிற்கு மைதானம் வகுப்பதும் ஒரு கலையே. அக்கலையின் தாய்வீடு, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் கடற்கரை ஊர்.

அங்குள்ள ‘பழைய மைதானம்’ எவரும் முன்கூட்டி வரைந்து அமைத்ததன்று. கடலோர மணல்மேடுகளில் புல் தானே முளைத்தது. ஆடுகள் மேய்ந்து அதனைக் கட்டையாக்கின. குளிர்காற்றுக்கு அஞ்சி அவை ஒண்டிய இடங்களே மணற்பள்ளங்களாயின என்பர். மனிதர் செய்தது சிறிதே. ஒரு சுற்றுக்கு 22 குழிகள் என்றிருந்ததை 1764இல் 18 ஆக்கினர். அவ்வெண்ணே இன்று உலகெங்கும் வழங்குகிறது. முற்காலத்தில் போகும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றே. அதன் அடையாளமாக இன்றும் ஏழு புல்தளங்களில் இவ்விரண்டு குழிகள் உள்ளன. ஒவ்வோர் இணையின் வரிசை எண்களையும் கூட்டினால் 18 வருவது ஒரு விந்தை!

இரயில்வே ஊழியனான எனக்கு உவப்பானது 17ஆவது குழி. அங்கு ஆட்டக்காரர் இரயில்வே கொட்டகைகளுக்கு மேலாகப் பந்தை அடிக்க வேண்டியிருந்தது. அவ்வூரின் இரயில் பாதை 1969இல் மூடப்பட்டது. பழைய கொட்டகைகளும் மறைந்தன. எனினும் அவற்றின் உருவிலேயே வேறொன்றைக் கட்டி வைத்துள்ளனர். தடை நீங்கினால் ஆட்டத்தின் சுவையும் நீங்கிவிடும் அன்றோ!

இந்நிலத்தையே பாடநூலாகக் கொண்டவர் அலிஸ்டர் மெக்கென்ஸி என்னும் மருத்துவர். தென்னாப்பிரிக்கப் போரில் பணியாற்றுகையில், போயர் வீரர்கள் தம் பதுங்குகுழிகளை நிலத்தோடு நிலமாக மறைத்த திறத்தைக் கண்டவர். பழைய மைதானத்தை அளந்து 1924இல் வரைபடமாக்கினார். நல்ல மைதானம் எவரையும் வீணே தண்டிப்பதில்லை. துணிந்தவனுக்குக் குறுக்குவழியும் தளர்ந்தவனுக்குச் சுற்றுவழியும் தந்து, தேர்வை அவரவரிடமே விடுகிறது. இதுவே அவர் கற்ற பாடம்.

அமெரிக்க வீரர் பாபி ஜோன்ஸ், 1921இல் இங்கு மணற்பள்ளத்தில் சிக்கி, மனம் வெறுத்துப் போட்டியினின்று விலகினார். 1927இல் அதே மைதானத்தில் வாகை சூடினார். பின்னர் மெக்கென்ஸியுடன் சேர்ந்து ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா மைதானத்தை உருவாக்கினார். அது 1933இல் திறக்கப்பட்டது. அங்கு நடந்த முதற் பெரும் போட்டியைக் காணாமலே, 1934 ஜனவரியில் மெக்கென்ஸி மறைந்தார்.

பழைய மைதானத்திலோ ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் ஆட்டம் இல்லை. அன்று ஊரார் குழந்தைகளுடன் அப்புல்வெளியில் உலவுகின்றனர். உலகப் புகழ் பெற்ற அந்நிலம் இன்றும் ஊரின் பொது நிலமே. இயற்கை பொதுவாக அளித்ததைப் பொதுவாகவே காத்து வருவது, அவ்வூரார் நமக்குக் காட்டும் மற்றொரு கலையாகும்.