‘ஆபரேஷனல் ரீசன்ஸ்’ என்று மெசேஜ் வந்தால் என்ன செய்வீர்கள்?

2025-இல் ஆக்லாந்து மாவட்ட நீதிமன்றம் ஜெட்ஸ்டார் நிறுவனத்துக்கு 22.5 லட்சம் நியூசிலாந்து டாலர் அபராதம் போட்டது. விமானம் லேட் ஆனதற்காக இல்லை. லேட் ஆனால், ரத்தானால் பயணிக்கு என்ன உரிமை என்பதைத் தப்பாகச் சொன்னதற்காக. காமர்ஸ் கமிஷன் தொடுத்த வழக்கு. நிறுவனமே குற்றத்தை ஒப்புக்கொண்டது.

அந்த உரிமை என்ன? நியூசிலாந்துக்குள் பறக்கும் விமானம் பழுது, ஆள் பற்றாக்குறை மாதிரி ஏர்லைனின் கையில் இருக்கும் காரணத்தால் தாமதமானால், உங்களுக்கு ஆன செலவைக் கேட்கலாம். உச்சவரம்பு டிக்கெட் விலையைப் போல 10 மடங்கு. 120 டாலர் டிக்கெட் என்றால் 1,200 டாலர் வரை. ஓட்டல், சாப்பாடு, டாக்ஸி எல்லாம் சேரும், ரசீது இருந்தால்.

வானிலை என்றால் இது கிடைக்காது. 2023 ஜனவரி 27 வெள்ளத்தில் ஆக்லாந்து விமான நிலையமே மூழ்கியது. துபாயிலிருந்து கிளம்பிய எமிரேட்ஸ் விமானம் பாதி வழியில் திரும்பி, சுமார் 13 மணி நேரம் பறந்து மறுபடி துபாயிலேயே இறங்கியது. அதற்கு யாரைக் கேட்பது? ஆனால் ‘ஆபரேஷனல் ரீசன்ஸ்’ என்று ஒரு வரி வந்தால் விடாதீர்கள். நானும் சாப்ட்வேர் எழுதுகிறவன்தான். திரையில் ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்று வந்தால், உண்மையான காரணம் உள்ளே எங்கோ பதிவாகியிருக்கும். அதை ஈமெயிலில் கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை. ஐரோப்பாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் 600 யூரோ கிடைத்தது என்று சொல்வார்கள். இங்கே அப்படி நிலையான தொகை கிடையாது. நஷ்டத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும். நியாயமாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தோம் என்று ஏர்லைன் காட்டிவிட்டால் அதுவும் இல்லை. பெட்டி தாமதமாக வந்தால், கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும்.

நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது வேறு இடத்தில். ஆக்லாந்திலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ கொழும்புக்கோ நேரடி விமானம் இல்லை. அதனால் சிங்கப்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து திருச்சிக்கு மலிவாக இன்னொன்று என்று தனித்தனியாக எடுக்கிறோம். முதல் விமானம் நாலு மணி நேரம் லேட் ஆனால், இரண்டாவது ஏர்லைனுக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். ஒரே புக்கிங் என்றால் ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. விடுமுறைக்குப் போகிறபோது காசை மிச்சம் பிடியுங்கள், தப்பில்லை. ‘அப்பாவுக்கு முடியல, உடனே வா’ என்று போன் வந்த ராத்திரியில் மட்டும் வேண்டாம். கடைசியாக முகம் பார்க்க முடியாமல் போனதற்கு எந்தச் சட்டத்திலும் தொகை இல்லை.

ஏர்லைன் மறுத்தால் டிஸ்பியூட்ஸ் ட்ரிப்யூனலுக்குப் போகலாம். அங்கே இரண்டு பக்கமும் வக்கீல் கிடையாது, ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம்.

இன்னொன்று. அம்மா அப்பா தனியாக வரும்போது புக்கிங்கில் உங்கள் போன் நம்பரையும் ஈமெயிலையும் கொடுங்கள். ‘நாளைக்குத்தான் ப்ளைட்’ என்று யாராவது சொன்னால், சாப்பாடுகூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டு நாற்காலியிலேயே விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள்.