கிழவருக்கு என்ன உடம்பு?

இங்கிலாந்தில் கோடை வந்துவிட்டால் கிராமத்து மைதானங்களில் பழைய இயந்திரங்களின் கண்காட்சி களைகட்டும். அங்கே ஒரு கிழவரைத் தவறாமல் பார்க்கலாம். குள்ள உருவம், சாம்பல் நிறச் சட்டை, வயது எழுபதை எட்டியிருக்கும். பெயர் பெர்குஸன் டிராக்டர்!

சாதாரணக் கிழவர் என்று எண்ணிவிடாதீர்கள். 1946 முதல் 1956 வரை காவன்ட்ரி நகரில் இவரும் இவருடைய சகோதரர்களுமாக 5 லட்சத்துக்கும் மேல் பிறந்தார்கள். 1958 ஜனவரி 4-ம் தேதி எட்மண்ட் ஹில்லாரி தென் துருவத்தைப் போய் அடைந்தது இந்த வம்சத்து டிராக்டர்களில்தான். ஒரு காலத்தில் சென்னைத் தெருக்களில் ஓடிய ஸ்டாண்டர்ட் வான்கார்டு காரின் எஞ்சினும் இவருக்கு நெருங்கிய பங்காளி.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாத்தா உழுத டிராக்டர், முப்பது வருஷம் கொட்டகையில் தூங்கியது. பேரன் துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, மாப்பிள்ளை மாதிரி ஆக்கிவிட்டான். கண்காட்சி நாள். பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வண்டி கம்பீரமாகப் புறப்பட்டது. பத்து நிமிஷம் ஓடியது. பிறகு இருமியது, நின்றுவிட்டது!

உடனே யோசனைகளுக்குப் பஞ்சமா? "கார்புரேட்டரை மாற்று" என்கிறார் ஒருவர். "காயில் புதுசாகப் போடு" என்கிறார் இன்னொருவர். பணம் கரைகிறது, கோளாறு கரையவில்லை. மனம் வெறுத்தால் பிறகென்ன? தாத்தாவின் வண்டி மறுபடியும் கொட்டகைக்குத்தான் போகும்.

குழந்தை அழுதால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எடுத்த எடுப்பில் மருந்தா கொடுக்கிறீர்கள்? பசியா, வயிற்று வலியா, ஜுரமா என்று பார்க்கிறீர்கள் அல்லவா? எஞ்சினிடமும் மூன்றே கேள்விகள்தான். சாப்பாடு வருகிறதா? நெருப்பு வருகிறதா? மூச்சைப் பிடித்து அழுத்தத் தெம்பு இருக்கிறதா?

முதலில் சாப்பாடு. டாங்கியின் அடியில் ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அதில் துருத்தூள் தெரிகிறதா பாருங்கள். கார்புரேட்டரின் அடித் திருகைக் கழற்றி, ஒரு டின்னில் பிடித்தால் பெட்ரோல் தாரையாக வரவேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் வழியில் அடைப்பு. பழைய பம்ப் ஸ்டவ்வுக்குப் பின் போட்ட ஞாபகத்தில் கார்புரேட்டரின் துவாரத்தைக் கம்பியால் குத்திவிடக் கூடாது, துவாரம் பெரிதாகிவிடும். காற்றடித்துச் சுத்தம் செய்வதே முறை. இன்னொன்று: 2021 செப்டம்பர் முதல் அங்கே சாதாரண பெட்ரோலில் நூற்றுக்குப் பத்து வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும்.

அடுத்தது நெருப்பு. சிந்திய பெட்ரோலைத் துடைத்து, டின்னைத் தூர வைத்த பிறகே இதைத் தொடவேண்டும். பிளக்கைக் கழற்றி, வயரோடு அதன் உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து, எஞ்சினைச் சுற்றினால் நீலப் பொறி தெறிக்கவேண்டும். காயிலும் கன்டென்ஸரும் பொல்லாதவை. சூடேறினால் மயங்கும், ஆறினால் பிழைத்துக்கொள்ளும். ஆகையால் வண்டி நின்ற கையோடு பார்த்துவிடவேண்டும். ஆறவிட்டால் திருடன் தப்பிவிடுவான்!

மூன்றாவது தெம்பு. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பாருங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் கோளாறு.

புதுப்பித்த வண்டிக்கென்றே ஒரு தனி வியாதி உண்டு: அழகு! பாட்டரியின் எர்த் வயரைப் பெயின்ட்டின் மேலேயே முடுக்கிவிட்டால் மின்சாரம் திரும்பி வர வழியில்லை. பளபளப்பு இருக்கும், உயிர் இருக்காது.

சரி, நம் பேரனின் வண்டிக்கு என்ன ஆயிற்று? பாட்டி எழுந்து வந்து பெட்ரோல் மூடியைத் திருகினாள். 'உஸ்' என்று காற்று உள்ளே போயிற்று. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக விழுமா? காற்றுப் போக இன்னொன்று வேண்டாமா? மூடியில் இருந்த அந்தச் சின்னக் கண்ணைப் புதுப் பெயின்ட் மூடிவிட்டது. பாட்டி தன் ஊக்கைக் கழற்றி பேரனிடம் நீட்டினாள். செலவு அவ்வளவுதான்!

"பெண்களுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?" என்று யாராவது உங்களிடம் கேட்டால், இதையும் சொல்லி வையுங்கள். 1945-ல், யுத்த காலத்தில், பதினெட்டு வயது எலிஸபெத் இளவரசி ராணுவத்தின் பெண்கள் படையில் சேர்ந்து மோட்டார் ரிப்பேர் கற்றுக்கொண்டார். பின்னால் ராணியானவர் அவரேதான்.

நாளைக்கு உங்கள் வீட்டு ஸ்கூட்டர் அடம் பிடித்தால், பணப்பையைத் திறக்குமுன் நீங்களும் கேளுங்கள்: சாப்பாடா, நெருப்பா, தெம்பா?