பதிவானது யாருடைய துடிப்பு?

கருவில் இருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பை வீட்டுக் கணினியில் பதிவு செய்ய முடியுமா? முடியும் என்றுதான் நானும் நம்பினேன்.

என் அக்காள் கருவுற்றிருந்தபோது, சிங்கப்பூரில் வேலை செய்யும் அத்தானுக்குக் குழந்தையின் துடிப்பை அனுப்பி வைக்க ஆசைப்பட்டார். கையடக்க டாப்ளர் கருவி ஒன்றை வாங்கினோம். இக்கருவி 2 முதல் 3 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மீயொலியை வயிற்றினுள் செலுத்துகிறது. அசையும் இதயத்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே மாறியிருக்கும். சில நூறு ஹெர்ட்ஸ் அளவுள்ள அந்த வேறுபாடு நம் காதுக்கு எட்டும் எல்லைக்குள் இருப்பதால், கருவி அதையே ஒலியாக்கித் தருகிறது. ஆகவே, அசையும் எதுவும் அதில் ஒலிக்கும். தாயின் இரத்த ஓட்டமும்கூட.

பதிவு செய்வது எளிது. கருவியின் காதொலிப்பான் துளையிலிருந்து 3.5 மில்லிமீட்டர் கம்பியைக் கணினியின் நீலநிற உள்ளீட்டுத் துளையில் இணைத்து, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் பதிவுப் பொத்தானை அழுத்தினால் போதும். இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கிக்கு உரியது. அதில் செருகினால் ஒலி அளவுமீறிக் கரகரக்கும். (நான் முதலில் செய்தது அதைத்தான். கணினித்துறை நண்பர்கள் சிரிக்க வேண்டாம்!)

அன்றிரவே பதிவை அனுப்பினோம். அத்தான் அதைக் கைப்பேசியின் அழைப்பொலியாகவே வைத்துவிட்டார். மறுநாள் மென்பொருளில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். 15 வினாடியில் 21 துடிப்புகள். அதாவது நிமிடத்திற்கு 84. கருவின் துடிப்போ பொதுவாக 110 முதல் 160 வரை இருக்கும். அக்காளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். பதிவானது அவருடைய நாடி!

எங்கள் வீட்டில் இது சிரிப்போடு முடிந்தது. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. 38 வாரக் கர்ப்பிணி ஒருவரைப் பற்றி 2009இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதினர். குழந்தையின் அசைவு குறைந்ததை அவர் உணர்ந்திருக்கிறார். ஆனால், வீட்டுக் கருவியில் துடிப்பைக் கேட்டு ஆறுதல் அடைந்து, மருத்துவமனைக்குத் தாமதமாகச் சென்றார். குழந்தை இறந்திருந்தது. 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் இக்கருவியை வீட்டில் பயன்படுத்த வேண்டாம் என அறிவுறுத்தியது. அசைவு குறைந்தால் கருவியைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நாங்களும் கருவியை எடுத்து வைத்துவிட்டோம். அடுத்த பரிசோதனையின்போது தாதியிடம் அனுமதி கேட்டு, அவர் கேட்கச் செய்த துடிப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து, வீட்டுக் கணினியில் எண்ணினேன். 15 வினாடியில் 37. குதிரை ஓடுவது போன்ற ஓசை. அதையும் அத்தானுக்கு அனுப்பினோம். ஆனாலும் அவர் பழைய அழைப்பொலியை மாற்றவே இல்லை.